குதிரை ஏன் மிரள்கிறது?

"காரணமில்லாமல் மிரண்டுவிட்டது" என்று குதிரையைப் பற்றிச் சொல்வார்கள். குதிரை வைத்திருப்பவர்கள் சொல்வார்கள்; குதிரையிலிருந்து விழுந்தவர்கள் இன்னும் உரக்கச் சொல்வார்கள். அந்த வாக்கியத்தில் 'காரணமில்லாமல்' என்ற சொல்லின் மேல் எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம் உண்டு. மிரண்டது குதிரை, காரணம் இல்லை என்று தீர்ப்புக் கூறுகிறவன் மனிதன். அவன் குதிரையின் முதுகில் இருக்கிறான், அல்லது வண்டியின் முன்பலகையில் உட்கார்ந்திருக்கிறான். குதிரை பார்த்ததை அவன் பார்க்கவில்லை. தான் பார்க்காததனாலேயே அங்கே ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிட்டுச் சாட்டையை எடுக்கிறான்.

சவாரிக் கலையைப் பற்றி எழுதப் போகிறேன் என்று வாசகர்கள் பயப்பட வேண்டாம். அதற்கு எனக்குத் தகுதி கிடையாது. எனக்குள்ள கேள்வி வேறு. பயப்படுவது குற்றமா? அதிலும், பயப்பட வேண்டாத ஒன்றைக் கண்டு பயப்படுவது குற்றமா? குற்றமென்றால் அதற்குத் தண்டனை கொடுக்கும் உரிமை யாருடையது? மனிதர்களை வைத்து இதைக் கேட்டால் நாம் உடனே கட்சி பிரிந்து விடுகிறோம். வீரன், கோழை என்ற இரண்டு சொற்களும் குறுக்கே வந்து நின்றுகொண்டு எதையும் சரியாகப் பார்க்க விடுவதில்லை. ஆகையால் குதிரையிலிருந்து தொடங்குவது நல்லது என்று தோன்றுகிறது.

நம் மொழியில் இதற்குச் சொற்கள் ஏராளம். மிரளுதல், மருளுதல், வெருளுதல், அரளுதல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். மானின் மருண்ட பார்வையை அழகென்று கொண்டாடி, அதைப் பெண்களின் கண்ணுக்கும் கொடுத்து மகிழ்ந்தவர்கள் நாம். குதிரை மருண்டால் மட்டும் அது கெட்ட சுபாவம் ஆகிவிடுகிறது. மான் நம்மைச் சுமப்பதில்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

குதிரையின் கண்ணைச் சற்று அருகில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எத்தனை பெரிய கண் என்று. தரையில் வாழும் பாலூட்டிகளிலேயே மிகப் பெரிய கண்களில் அது ஒன்று. நம் கண்களைப் போல முகத்தின் முன்னால் இல்லாமல் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருக்கிறது. ஆகவே நின்ற இடத்தில் நின்றபடியே அது ஏறக்குறையச் சுற்றிலும் பார்க்கிறது. பார்க்க முடியாத இடங்கள் இரண்டு. ஒன்று வாலுக்கு நேர் பின்னால். மற்றொன்று நெற்றிக்கு நேர் முன்னால், மூக்குக்கு அடியில். சுற்றிலும் பார்க்கும் இந்த வசதிக்கு அது ஒரு விலையும் கொடுக்கிறது. பக்கத்தில் தெரிவதெல்லாம் ஒற்றைக் கண்ணால் காண்பது. ஆகவே தூரம், ஆழம் இவற்றை நம்மைப் போல் துல்லியமாக மட்டிட முடிவதில்லை. நமக்கு வேறு வேறாகத் தெரியும் சிவப்பும் பச்சையும் அதற்கு ஒன்றாகக் குழம்பிப் போகின்றன. மங்கிய வெளிச்சத்தில் நம்மைவிட நன்றாகப் பார்க்கும். ஆனால் வெயிலிலிருந்து சட்டென்று இருட்டுக்குள் நுழைந்தால், கண் பழக நம்மைக் காட்டிலும் வெகு நேரம் பிடிக்கும். பட்டப்பகலில் ஒரு மரநிழலின் ஓரத்தில் வந்து குதிரை நின்றுவிடுகிறது என்றால், நமக்கு அது நிழல். அதற்கு அங்கே தரை இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்பதே ஒரு கேள்வி.

இந்தக் கண்ணும், தனித்தனியே திரும்பும் அந்த இரண்டு காதுகளும் புல்வெளியில் உருவானவை. அங்கே புல் அசைந்தால் அது காற்றாக இருக்கலாம், ஓநாயாகவும் இருக்கலாம். காற்றை ஓநாய் என்று எண்ணி நூறு தடவை ஓடிய குதிரைக்கு நஷ்டம் கொஞ்சம் மூச்சு. ஓநாயைக் காற்று என்று ஒரே ஒரு தடவை எண்ணிய குதிரை குட்டி போடவில்லை. இன்று நம் முன் நிற்பவை எல்லாம் அந்த மூச்சு வாங்கிய குதிரைகளின் சந்ததி. அவற்றிலும் மனிதன் பொறுக்கி எடுத்திருக்கிறான். வால்கா, டான் நதிகளின் கீழ்ப்பகுதிப் புல்வெளிகளில், ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்னால், இன்றைய வீட்டுக் குதிரைகளின் மூதாதைகள் பரவத் தொடங்கின என்று 2021இல் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று காட்டியது. முதுகு வலிமையோடு சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவும், மனநிலையோடு சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவும் அந்தக் குதிரைகளில் விசேஷமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. அதாவது, சுமக்கத் தெம்பும் அடங்கிப் போகும் மனமும். மிரள்கிறது, மிரள்கிறது என்று நாம் குறை சொல்லும் குதிரை, மிரட்சி குறைவாக உள்ளதென்று நாமே தேர்ந்தெடுத்த குதிரை என்பதை நினைக்கும்போது வேடிக்கையாக இருக்கிறது.

குதிரைக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு குற்றச்சாட்டு இதைவிடக் கடுமையானது. "போகும்போது இதே பாறையைத் தாண்டித்தான் போயிற்று. திரும்பி வரும்போது அதைக் கண்டு மிரள்கிறது. எல்லாம் பாசாங்கு!" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2021இல் வெளியிட்டார்கள். சறுக்கு மரமும் ஊஞ்சலுமாகக் குழந்தைகள் விளையாடும் ஒரு பிளாஸ்டிக் சாமானை ஓரிடத்தில் வைத்து, குதிரைகளை அதன் பக்கமாகப் பல தடவை நடத்திக்கொண்டு போனார்கள். குதிரைகள் அதற்குப் பழகிவிட்டன. பிறகு அதே சாமானை, அதே இடத்தில், கால் வட்டம் திருப்பி வைத்தார்கள். முன்பின் காணாத ஒன்றைக் கண்டதுபோல் குதிரைகள் மறுபடியும் மிரண்டன. போகும்போது பார்த்த பாறையும் வரும்போது பார்க்கும் பாறையும் நமக்குத்தான் ஒரே பாறை. பாசாங்கு என்று பெயர் வைத்து எத்தனை குதிரைகளின் முதுகில் எத்தனை அடி விழுந்திருக்கும்!

பாசாங்கு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பள்ளிக்கூடங்களின் நினைவு வருகிறது. கணக்கு வகுப்பன்று காலையில் வயிற்றுவலி வரும் பையன்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த வயிற்றில் வலி நிஜமாகவே இருக்கிறது என்பதை எத்தனை தகப்பனார்கள் ஒப்புக்கொள்வார்கள்?

சில வருஷங்களுக்கு முன்பு கொடைக்கானலில், ஏரியைச் சுற்றிப் போகும் சாலையில் நான் நடந்துகொண்டிருந்தேன். எனக்குச் சற்று முன்னால் ஒரு வாடகைக் குதிரை போய்க்கொண்டிருந்தது. அதன் மேல் ஒன்பது வயதுப் பையன் ஒருவன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரைக்காரர் நடந்தார், ஐம்பது வயதிருக்கும். பையனின் தகப்பனார் கைப்பேசியில் படம் பிடித்தபடி கூடவே வந்தார். சாலையோரத்தில் சோளக்கதிர் சுட்டு விற்கும் தள்ளுவண்டி ஒன்று நின்றது. அதன் மேல் மழைக்காகப் போட்டிருந்த நீல பிளாஸ்டிக் தாள் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. குதிரை நின்றுவிட்டது. கழுத்து நிமிர்ந்தது, இரண்டு காதுகளும் அந்தத் தாளை நோக்கிக் குத்திட்டு நின்றன, மூக்கு விரிந்து ஒரு சீறல் வந்தது.

"ஒரு தட்டு தட்டி ஓட்டுங்க. நேரம் போகுதில்ல?" என்றார் தகப்பனார்.

"இருங்க சார், அது பாத்துக்கட்டும்."

"பிளாஸ்டிக் தாள்ல பாக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"அது தாளுன்னு உங்களுக்குத் தெரியும் சார். அதுக்கு இன்னும் தெரியலை."

அவர் பையனை இறக்கிவிட்டார். கயிற்றை இறுக்கவில்லை, சற்றுத் தளர்த்தி விட்டார். குதிரைக்கும் வண்டிக்கும் நடுவில், குதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தமக்கு எந்த அவசரமும் இல்லாதவர் போல் நின்றார். குதிரை தலையைத் தாழ்த்திப் பார்த்தது; தூக்கிப் பார்த்தது; பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தது. ஓரடி முன்னே வைத்தது. இரண்டடி பின்னே போயிற்று. ஐந்து நிமிஷம் ஆகியிருக்கலாம். கடைசியில் கழுத்தை நீட்டித் தாளை மோந்து பார்த்தது, நீளமாக ஒரு மூச்சு விட்டது, வாயை மென்றது. பையன் மறுபடியும் ஏறிக்கொண்டான். தாள் படபடத்துக்கொண்டேதான் இருந்தது. குதிரை அதைத் தாண்டிப் போயிற்று.

சவாரி முடிந்த பிறகு நான் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "அடிச்சிருந்தா போயிருக்காதா?" என்று கேட்டேன்.

"போகும் சார். இன்னிக்குப் போகும். நாளைக்கு அந்த வண்டி வர்றதுக்கு முந்தியே நின்னுடும். தாளையும் அடியையும் சேத்து மனசில வச்சுக்கும். தாளாலதான் வலிச்சுதுன்னு நெனைக்கும்."

இதையே கிறிஸ்து பிறப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்குள்ளாக ஒரு கிரேக்கர் எழுதி வைத்திருக்கிறார். செனபன் என்று பெயர்; சாக்ரடீஸின் பழக்கத்தில் இருந்தவர், படை நடத்தியவர். குதிரையேற்றத்தைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் இன்றும் கிடைக்கிறது. கோபத்தோடு குதிரையின் அருகே போகவே கூடாது என்று அதில் சொல்லுகிறார். மிரளும் குதிரையை அடித்து அந்தப் பொருளின் பக்கம் தள்ளினால் அதன் அச்சம் பெருகத்தான் செய்யும், ஏனென்றால் தனக்கு நேர்ந்த வலிக்கு அந்தப் பொருளே காரணமென்று குதிரை எண்ணிக்கொள்கிறது என்று விளக்கமும் தருகிறார். ஒருவர் போர்க்குதிரையைப் பார்த்தவர், மற்றவர் வாடகைக் குதிரையைப் பார்த்தவர். இடையே இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல். இத்தனை பழைய விஷயம் ஏன் இத்தனை பேருக்குத் தெரியாமல் இருக்கிறது என்றுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

தெரியாமல் இல்லை என்பது என் அபிப்பிராயம். நேரமில்லை. பொறுமை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதை யாராவது தம் கைக்காசிலிருந்து கொடுத்தாக வேண்டும். கொடைக்கானலில் அந்தக் குதிரைக்காரர் அந்த ஐந்து நிமிஷத்துக்குக் காசு வாங்கிக்கொள்ளவில்லை. ஜட்கா வண்டிகள் ஓடிய காலத்தில் சாட்டையைச் சுழற்றிய வண்டிக்காரனைக் கொடியவன் என்று நாம் வர்ணித்திருக்கிறோம். நம் கதைகளிலும் அப்படி வருவான். வண்டிக்குள்ளே டிரங்குப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, "ரயில் போயிடும், சீக்கிரம் விடப்பா" என்று நச்சரித்தவர்கள் யார்? சாட்டையின் அடிப்பக்கத்தைத் தேடிக்கொண்டு போனால் அது பல சமயங்களில் நம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது.

அந்த ஜட்காக் குதிரைகளின் கண்ணோரத்தில் இரு பக்கமும் தோல் பட்டை கட்டியிருப்பார்கள். பக்கத்தில் நடப்பது எதுவும் தெரியாது. நேர் எதிரே உள்ள சாலைதான் தெரியும். பட்டையைக் கட்டிவிட்டால் குதிரை மிரளுவது குறைகிறது. அடியைவிட இது நல்லதல்லவா? நல்லதுதான். ஆனாலும் எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. சுற்றிலும் பார்ப்பதற்கென்றே அமைந்த கண்ணில், பார்க்கிற பாகத்தையெல்லாம் மூடிவிட்டு, "பார், இப்போது பயமில்லை" என்கிறோம். நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்லாமல் மறைக்கும் உறவினர்கள், கடனைப் பற்றி மனைவியிடம் மூச்சு விடாத கணவர்கள், இவர்கள் எல்லோரும் அன்பினால்தான் இந்தப் பட்டையைக் கட்டுகிறார்கள். சந்தடி மிகுந்த கடைத்தெருவில் அது தேவையாகவும் இருக்கலாம். ஆனால் பட்டை கட்டிய குதிரை எதையும் தெரிந்துகொண்டதில்லை. பட்டை ஒரு நாள் அறுந்து விழுந்தால், அதுவரை மறைத்து வைத்த உலகம் முழுவதும் ஒரே நொடியில் அதன் மேல் பாய்கிறது.

அலெக்சாந்தர் குதிரையை அடக்கிய கதையை எல்லோரும் பள்ளியில் படித்திருப்போம். புளூட்டார்க் சொல்லும் கதை அது. தெசலி நாட்டு வியாபாரி ஒருவன் பூசிபாலஸ் என்ற குதிரையைப் பிலிப் மன்னனிடம் கொண்டுவந்து, 13 டாலண்ட் விலை சொன்னான். அது யாரையும் அண்ட விடவில்லை. கொண்டுபோ என்று மன்னன் சொல்லிவிட்டான். சிறுவனான அலெக்சாந்தர் அருகில் போய் அதன் தலையைச் சூரியனை நோக்கித் திருப்பினான். தரையில் ஆடிக்கொண்டிருந்த தன் நிழலைக் கண்டுதான் அது மிரண்டுகொண்டிருந்தது. நிழல் பின்னால் போனதும் அடங்கிற்று. இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் அலெக்சாந்தரின் துணிச்சலைப் புகழ்கிறார்கள். எனக்கென்னவோ இதில் துணிச்சல் இரண்டாவதாகத்தான் படுகிறது. அங்கே நின்ற வீரர்கள் அத்தனை பேருக்கும் துணிச்சல் இருந்தது. குதிரை எதைப் பார்க்கிறது என்று பார்க்க ஒருவனுக்குத்தான் தோன்றிற்று. மற்றவர்கள் குதிரையைப் பார்த்தார்கள். அவன் குதிரை பார்த்த இடத்தைப் பார்த்தான். பிற்காலத்தில் எத்தனையோ ஊர்களைக் கொளுத்தியவன் அவன். அவனைப் புகழ எனக்கு வேறு காரணங்கள் அகப்படவில்லை. அந்தக் குதிரை அவனோடு இந்தியா வரை வந்தது. கி.மு. 326இல் ஜீலம் நதிக்கரையில் போரஸோடு நடந்த போரை ஒட்டி அது இறந்தது. அதன் பெயரில் அங்கே ஓர் ஊரையே அவன் ஏற்படுத்தினான்.

இன்னொரு குதிரைக் கதை பெர்லினில் நடந்தது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்பவர், ஹான்ஸ் என்ற தம் குதிரைக்குக் கணக்குக் கற்றுக் கொடுத்தார். விடையைக் குதிரை குளம்பால் தட்டிச் சொல்லும். 1904இல் அறிஞர்கள் குழு கூடிப் பார்த்தது. மோசடி எதையும் காணவில்லை. பிறகு ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் 1907இல் உண்மையை வெளியிட்டார். கேட்கிறவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்கிறவரின் தலை மயிரிழை அளவு அசைந்தது. அந்த அசைவு அவருக்கே தெரியாது. குதிரைக்குத் தெரிந்தது. குதிரைக்குக் கணக்கு வராது என்று எல்லோரும் சிரித்துவிட்டுப் போனார்கள். மனிதன் தன்னிடமே மறைக்கும் ஒன்றைக் கண்டுபிடிக்கும் பிராணியிடம், "பயப்படாதே" என்று நடுங்கும் கையோடு சொல்வதில் பயனில்லை என்பதைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள்.

ஸ்வீடன் நாட்டில் நடந்து 2009இல் வெளியான ஒரு சோதனை இதைத் தெளிவாக்கிற்று. குதிரையோடு சிலரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நாலு தடவை போகச் சொன்னார்கள். நாலாவது தடவை பக்கத்தில் ஒருவர் சட்டென்று குடையை விரிப்பார் என்று மனிதர்களிடம் மட்டும் சொல்லி வைத்தார்கள். நாலாவது தடவையும் வந்தது, குடையை விரிக்கவில்லை. ஆனால் மனிதனின் நாடி வேகமாக அடித்தது. குதிரையின் நாடியும் கூடவே வேகமாக அடித்தது. விரியாத குடையைக் கண்டு இருவரும் மிரண்டார்கள்! அந்த நிலையில் குதிரை துள்ளிக் குதித்திருந்தால் அதற்கு வழக்கமான பெயர்தான் கிடைத்திருக்கும்: காரணமில்லாமல் மிரண்டது. காரணம் லகானைப் பிடித்துக்கொண்டு முதுகிலேயே உட்கார்ந்திருக்கிறது.

என் நண்பர் ஒருவருக்கு இந்த வாதமெல்லாம் பிடிக்காது. "என்னைக் கிணற்றில் தள்ளித்தான் ஐயா நீச்சல் பழக்கினார்கள். இன்று காவேரி வெள்ளத்தில் விட்டாலும் கரையேறுவேன். பார்த்துக்கொண்டே நின்றிருந்தால் இன்றைக்கும் படியில்தான் உட்கார்ந்திருப்பேன்" என்பார். அவர் சொல்வது பொய்யல்ல. தள்ளப்பட்டவர்களில் நீந்தியவர்கள்தான் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்லுகிறார்கள். அதே கிணற்றில் அதே வாரம் தள்ளப்பட்டு, அறுபது வயதிலும் ஆற்றுக்குச் சொம்போடு போய்க் கரையிலேயே குளித்துவிட்டு வருகிறவர்கள் சபையில் வாயைத் திறப்பதில்லை. இருவரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் அந்த முறையின் லாப நஷ்டத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

நண்பருடைய இன்னொரு வாதம் கனமானது. அதை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. "குதிரைக்குக் கடமை தெரியாது, மனிதனுக்குத் தெரியும். பயந்தாலும் செய்ய வேண்டியதைச் செய்கிறவன் மனிதன். ஒருவன் பயந்து பின்வாங்கினால் அவன் இடத்தில் இன்னொருவன் போய்ச் சாக வேண்டியிருக்கிறது. அப்போதும் 'பார்த்துக்கட்டும்' என்று தளர்த்தி விடுவீர்களா?"

இதற்கு விடை தேடும்போதெல்லாம் எனக்கு ஹாரி ஃபார் என்ற ஆங்கிலச் சிப்பாயின் வழக்கு நினைவுக்கு வருகிறது. முதல் உலகப் போரில் பிரெஞ்சு மண்ணில் போராடியவன். பீரங்கிக் குண்டுகளின் அதிர்ச்சியால் நிலைகுலைந்து 1915இல் ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கை நடுக்கத்தால் மனைவிக்கு அவனால் கடிதம் எழுத முடியவில்லை. தாதி ஒருத்தி எழுதிக் கொடுத்தாள். குணமாகிவிட்டது என்று மறுபடியும் போர்முனைக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஒரு நாள், முன்வரிசைக்குப் போக என்னால் முடியாது என்று நின்றுவிட்டான். இராணுவ நீதிமன்றத்தில் அவனுக்காகப் பேச ஒருவரும் இல்லை, தானே பேசிக்கொண்டான். கோழைத்தனம் என்று தீர்ப்பாயிற்று. 1916 அக்டோபர் 18ஆம் தேதி விடியற்காலையில் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 25.

அதே போரில், அதே படையில், லட்சக்கணக்கான குதிரைகள் இருந்தன. குதிரையை வெடிச் சத்தத்துக்குப் பழக்குவதென்றால் முதலில் தூரத்தில் சுடுவார்கள். தீனி தின்னும் நேரமாகப் பார்த்துச் சுடுவார்கள். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் வருவார்கள். குதிரைப்படைகளில் இது பழைய வழக்கம். எவ்வளவு பழக்கியும் தேறாத குதிரையைப் பீரங்கியின் அருகே கொண்டு போகாமல் வேறு வேலைக்கு அனுப்பிவிடலாம். மிரண்டதற்காகக் குதிரையை வரிசையின் முன் நிறுத்தி, மற்ற குதிரைகளுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று சுடுவது பைத்தியக்காரத்தனம் என்று அந்தச் சேனாபதிகள் எல்லோருக்கும் தெரியும். அவர்களில் பலர் நல்ல குதிரை வீரர்கள்.

மனிதனுக்குக் கடமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பயத்தோடு பயமாகக் காரியத்தைச் செய் என்று ஒருவனிடம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். பிள்ளையைக் காப்பாற்ற நெருப்புக்குள் போகும் தாய்க்குப் பயமில்லையா என்ன? ஆனால் கேட்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. மனித சுபாவத்தால் தாங்க முடியாத நெருக்கடியில் ஒருவன் தவறினால் அவனுக்குக் கிடைக்க வேண்டியது பழியல்ல, மன்னிப்பு என்று அரிஸ்டாட்டில் கருதினார். பூசிபாலஸ் கதையைச் சொல்லி முடித்த கையோடு, பிலிப் தன் மகனுக்கு ஆசிரியராக அந்த அரிஸ்டாட்டிலை வரவழைத்தான் என்று புளூட்டார்க் எழுதுகிறார். தாங்க முடியாதது எது, தாங்கக்கூடியதைத் தட்டிக் கழிப்பது எது என்று பிரித்தறிய அளவுகோல் உண்டா என்றால், எழுதி வைத்த அளவுகோல் கிடையாது. கொடைக்கானல் குதிரைக்காரருக்கும் கிடையாது. சோம்பலால் நிற்கும் குதிரையையும் மிரண்டு நிற்கும் குதிரையையும் அவர் காதைப் பார்த்து, மூச்சைப் பார்த்து, கழுத்து நரம்பைத் தொட்டுப் பார்த்துக் கண்டுகொள்கிறார். முதலாவதை அவர் அதட்டவும் செய்வார், நானே கேட்டேன். ஆகவே தண்டிக்கும் உரிமை ஒருவேளை யாருக்காவது உண்டென்றாலும், பக்கத்தில் போய் அந்த மூச்சைக் கேட்டுவிட்டு வந்தவருக்குத்தான் உண்டு. ஹாரி ஃபாரின் வழக்கில் அவன் ஐந்து மாதம் எதற்காக ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்று விசாரிக்க நீதிபதிகளுக்கு அவகாசம் இல்லாமல் போயிற்று. கோட்டைப் பிடிக்க வேண்டும், ரயில் போய்விடும்.

அவன் மனைவிக்கு உதவித்தொகை இல்லையென்று சொல்லிவிட்டார்கள். மூன்று வயதுக் குழந்தையோடு அவள் வீட்டு வேலைக்குப் போனாள். கணவன் எப்படிச் செத்தான் என்பதை வெட்கத்தால் பல ஆண்டுகள் மகளிடம்கூட அவள் சொல்லவில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு எங்கோ பதக்கங்களோடு இருந்தார்கள்.

தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2006இல், பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. அந்தப் போரில் ஓடிப்போனதற்கும் கோழைத்தனத்துக்கும் அவை போன்ற வேறு குற்றங்களுக்கும் சுடப்பட்ட 306 பேருக்கு அது மன்னிப்பு வழங்கியது. ஹாரி ஃபாரின் குடும்பத்தார் விடாமல் போராடியது அதற்கு ஒரு காரணம். ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு வாசகம் இருக்கிறது: இந்த மன்னிப்பினால் பழைய தீர்ப்போ தண்டனையோ மாறிவிடாது. அதாவது, மன்னித்தோம், ஆனால் குற்றம் குற்றமாகவே இருக்கட்டும். யார் யாரை மன்னிக்க வேண்டியிருந்தது என்று அந்தச் சபையில் கேட்டவர்கள் உண்டோ இல்லையோ, எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. சட்டம் வந்தபோது மகளுக்கு வயது 93. தாய் அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, தன் தொண்ணூற்றொன்பதாவது வயதில், இறந்து போயிருந்தாள்.